சுப்பாராவுக்கு ஹெச்-இண்டெக்ஸ் போட்டால் என்ன வரும்?

கேள்வி இதுதான்: ஒரு மருத்துவ ஆய்வாளரின் பேப்பர் எண்ணிக்கை, சைட்டேஷன் (அவற்றை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்ற எண்ணிக்கை), ஹெச்-இண்டெக்ஸ் எல்லாவற்றையும் பார்த்து, அவர் மருத்துவத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறார் என்று சொல்ல முடியுமா? ஹார்வர்டிலும் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனத்திலும் வேலை செய்த இந்திய உயிர்வேதியியலாளர் எல்லப்பிரகட சுப்பாராவ் மாதிரி ஒருவருக்கு அந்த எண்களைப் போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஓரளவு சொல்ல முடியும், ஆனால் சுப்பாராவ் விஷயத்தில் அந்த எண்கள் படத்தையே தலைகீழாகக் காட்டும். ஆய்வாளரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையோடு அடுக்கிக் காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கம் ஒன்று இன்று அவருக்கு இருந்தால், உச்சியில் நிற்கப்போவது ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் ஒரு சோதனை முறை. அவர் நடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதன்முதலில் பலன் கொடுத்த மருந்து அந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வு முதல் விருதுகள் வரை இந்த எண்களை நம்பித்தான் முடிவாகிறது.

எண்களைப் பற்றிய அடிப்படை விஷயம் முதலில். யூஜீன் கார்ஃபீல்டு 1964-ல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டபோது அது முக்கியமாக ஒரு தேடுதல் கருவி. பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு யாரெல்லாம் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று தேடிப்போனால், ஒரு துறை எப்படி நகர்ந்திருக்கிறது என்று தெரியும். ஆளை எடைபோடும் வேலைக்கு அது பின்னால்தான் முழுவீச்சில் இழுக்கப்பட்டது. ஹெச்-இண்டெக்ஸ் இன்னும் புதிது, ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்தது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய ஹெச் 20. அவ்வளவுதான் கணக்கு. இதில் ஒரு விளைவு பலர் கண்ணில் படுவதில்லை: மொத்தம் 10 கட்டுரை எழுதியவருக்கு, அதில் ஒவ்வொன்றும் பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், ஹெச் 10-ஐத் தாண்டவே தாண்டாது.

சரி, சுப்பாராவுக்கு வருவோம். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போக, எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒருபடி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. அரசு மருத்துவப் பணி கிடைக்காமல் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்திவிட்டு, 1922 அக்டோபரில் பாஸ்டன் போய் இறங்கினார். ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலினின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்து, சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் வேலை செய்தார்.

1925-ல் இருவரும் சேர்ந்து ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரியில் பாஸ்பரஸ் அளவிடும் முறையை வெளியிட்டார்கள். மாதிரியில் மாலிப்டேட் சேர்த்து, ஒரு ஒடுக்கும் பொருளைப் போட்டால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பல தலைமுறை உயிர்வேதியியல் மாணவர்கள் படித்தது இதைத்தான். இதே முறையைத் தசைத் திசுவில் போட்டுப் பார்த்தபோது நிறம் எதிர்பார்த்தபடி சீராக வராமல் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. அதைப் பிழை என்று ஒதுக்காமல் துருவிப் போனதில்தான், அமிலத்தில் எளிதில் உடையும் ஒரு சேர்மம் தசையில் இருப்பது தெரிந்தது, தசைக்கான ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியாட்டின் 1927-ல் வெளிச்சத்துக்கு வந்தது. 1929-ல் செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. பற்றியும் எழுதினார்கள், அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டு முந்திக்கொண்டார்.

இதில் எது அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது என்று பார்த்தால், தசை எப்படிச் சுருங்குகிறது என்ற புரிதலையே மாற்றிய பாஸ்போகிரியாட்டின் கட்டுரை அல்ல, அந்த நீல நிறச் சோதனைதான். ஆயிரக்கணக்கான கட்டுரைகளில், பல பத்தாண்டுகளாக, அது வந்துகொண்டே இருந்தது. காரணம் ரொம்ப எளிது. ஒரு நொதி பாஸ்பேட்டை வெட்டிவிடுகிறதா என்று பார்க்கும் எந்த ஆய்வுக்கூடமும், கல்லீரலானாலும் பாக்டீரியாவானாலும் தாவர வேரானாலும், விடுபட்ட பாஸ்பேட்டை அளந்தாக வேண்டும். அளந்தால் முறையைக் குறிப்பிட்டாக வேண்டும். 1959-ல் பார்ட்லெட் இதையே கொஞ்சம் மாற்றியமைத்து எழுதிய கட்டுரையும் மேற்கோள்களை அள்ளியது.

இது சுப்பாராவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது என்று 2014-ல் நேச்சர் இதழ் எண்ணிப் பார்த்து ஒரு பட்டியல் போட்டது. முதலிடத்தில் நின்றது ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951-ல் புரதத்தை அளக்க எழுதிய முறை, 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். அந்த முறையில் பயன்படும் வினைபொருள் யாருடைய பெயரில் இருக்கிறது தெரியுமா? சுப்பாராவ் வேலை செய்த துறையின் தலைவர், அதே ஃபோலின். டி.என்.ஏ.-வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953 கட்டுரை அந்த முதல் நூறில் வரவே இல்லை. லௌரியே தன் கட்டுரை அப்படியொன்றும் மகத்தானது இல்லை என்று எழுதியிருக்கிறார். ஆகவே மேற்கோள் எண்ணிக்கை, ஒரு கட்டுரை எத்தனை பேர் கைக்கு உதவியது என்பதை நன்றாகவே சொல்லும். எவ்வளவு ஆழமானது, எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. உதவியாக இருப்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லவரவில்லை, அளவிடும் முறை இல்லாமல் மருத்துவ அறிவியல் ஓர் அடி நகராது. ஆனால் இரண்டும் வேறு வேறு.

இன்னொன்று. கார்ஃபீல்டின் அச்சிட்ட பழைய அட்டவணையில், மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் முதல் ஆசிரியரின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருந்தன. அந்த அட்டவணையில் 1925 கட்டுரையைத் தேடினால் ஃபிஸ்க் என்ற பெயரின் கீழேதான் வரும். சுப்பாராவ் இரண்டாவது ஆசிரியர் என்பதால், ஆள்வாரியாக எண்ணிய எவருக்கும் அவர் கணக்கிலேயே வரமாட்டார். அப்புறம் ஃபிஸ்க் விஷயத்தில் இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. ஹார்வர்டில் அதே காலத்தில் மாணவராக இருந்து பின்னாளில் 1988-ல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் (டி.என்.ஏ. போன்றவற்றின் அடிப்படை அலகுகள்) வெளிச்சத்துக்கு வராமல் ஃபிஸ்க் தடுத்தார், அதனால் மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். அச்சேறாத வேலைக்கு மேற்கோள் எங்கிருந்து வரும்?

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார், கொஞ்ச காலத்திலேயே அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். 1948 ஆகஸ்டில் 53 வயதில் இறந்துபோனார். அதாவது லெடர்லியில் அவருக்குக் கிடைத்தது எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் வெளிவந்தவற்றையும் அவற்றின் ஆசிரியர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமினின் அமைப்பையும் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியையும் சொன்ன கட்டுரை 1946-ல் சயன்ஸ் இதழில் வந்தது. 16 ஆசிரியர்கள். இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஆங்கில அகர வரிசையில் போட்டிருக்கிறார்கள், சுப்பாராவ் முதல் குழுவில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். இன்றைய மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் வழிநடத்தியவர் என்ற வழக்கம் இருக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இவர் யாரோ ஓர் உதவியாளர் என்றுதான் தோன்றும்.

அதே ஃபோலிக் அமிலத்தை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராக இருந்த சிட்னி ஃபார்பர் கவனித்துக்கொண்டிருந்தார். ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாகப் பட்டது. அப்படியென்றால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் கொடுத்தால்? அந்தத் தடுப்பான்கள் சுப்பாராவின் குழுவிடமிருந்துதான் வந்தன. அவற்றில் ஒன்றான அமினாப்டெரின் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை மருந்தென்று எதுவுமே பலன் கொடுக்காத நோய் அது. 1948 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளியானது. ஆசிரியர்கள் ஃபார்பர், டயமண்ட், மெர்சர், சில்வெஸ்டர், வோல்ஃப். புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பதன் வரலாற்றை எழுதும் எவரும் இந்தக் கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் இல்லை. மருந்தைத் தயாரித்த விதத்தைச் சொல்லி 1947-ல் லெடர்லியின் தாய் நிறுவன வேதியியலாளர்கள் எழுதிய கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. அமினாப்டெரினின் அடுத்த வடிவம்தான் மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இருக்கிறது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளிலும் இருப்பார்கள்.

ஆரியோமைசின், முதல் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக். 1948-ல் அதை அறிவித்த கட்டுரையில் ஒரே ஆசிரியர், பெஞ்சமின் டக்கர். ஓய்வு பெற்ற பிறகு லெடர்லியில் வேலைக்கு வந்த தாவரவியலாளர் அவர், கண்டுபிடித்தவரும் அவர்தான், சந்தேகம் இல்லை. மண்ணிலிருந்து நுண்ணுயிரிகளைச் சலித்து மருந்து தேடும் அந்தத் திட்டம் நடந்த ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் சுப்பாராவ் என்பதை மட்டும் எந்த மேற்கோள் அட்டவணையும் சொல்லாது.

யானைக்கால் நோய்க்கான டை-எத்தில்கார்பமசின் கொஞ்சம் விதிவிலக்கு. 1947-ல் ஹெவிட்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரையில் கடைசிப் பெயராக சுப்பாராவ் இருக்கிறார். தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் இருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரைதான் இது. கோடிக்கணக்கானவர்கள் விழுங்கிய மாத்திரை. விழுங்கியவர்கள் யாரும் கட்டுரை எழுதுவதில்லை, ஆகவே அந்தக் கோடிகள் சைட்டேஷனாக மாறுவதும் இல்லை.

சைட்டேஷன் பேசும் பலர் தவறவிடுகிற இடம் இது. ஒரு கண்டுபிடிப்பு ரொம்பவே வெற்றி பெற்றுவிட்டால் அதை மேற்கோள் காட்டுவதே நின்றுபோகும். கருத்தரிக்கும் காலத்திலேயே பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு குறையும் என்று 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய பெரிய சோதனை நிரூபித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து-ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரோ, அதைப் பற்றி ஆய்வு செய்யும் பட்டமேற்படிப்பு மாணவரோ 1946 கட்டுரையைத் தேடிப்பிடித்துக் குறிப்பிட வேண்டிய தேவை இல்லை. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது, பொது அறிவாகிவிட்டது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்: அறிவு உட்கிரகிக்கப்பட்டு, மூலம் மறைந்துபோவது.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இவை அத்தனையையும் சுப்பாராவ் ஒருவரே கண்டுபிடித்ததாகவும், பெயரை எல்லோரும் திருடிவிட்டதாகவும் எழுதுகின்றன. அது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. டக்கர், ஸ்டோக்ஸ்டாட், சீகர், ஹெவிட் போன்ற சக ஆய்வாளர்கள் உண்மையாகவே வேலை செய்தவர்கள். சுப்பாராவின் பங்கு வேறு வகையானது: எந்தச் சிக்கலை எடுப்பது, யாரை எதில் போடுவது, யாரிடம் பொருளைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வது என்று தீர்மானித்தவர். சொந்தக் குடும்பத்தில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர் அவர். ஃபோலிக் அமிலம் அந்த நோய்க்கும் மருந்தானது. இந்த வகைப் பங்களிப்பைப் பதிவுசெய்ய ஆசிரியர் பட்டியலில் அன்றும் இடம் இல்லை, இன்றும் பெரிதாக இல்லை.

இன்றைக்கு நிலைமை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது பங்களித்தவர் பெயர் விடுபட்டது, இப்போது பங்களிக்காத பெயர் சேர்கிறது. துறைத் தலைவர் என்பதற்காகவே ஒவ்வொரு கட்டுரையிலும் பெயர் போடும் வழக்கத்தை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போன எவரும் அறிவார்கள். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மாதிரியான கட்டுரைகளில் நூற்றுக்கணக்கில் ஆசிரியர்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும். அப்படி நாலைந்தில் பெயர் இருந்தாலே மொத்த எண்ணிக்கை விண்ணைத் தொடும். சொந்தக் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதும் உண்டு. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி இருப்பதால், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களும் பெருகிவிட்டன. சிகிச்சை பார்த்தே களைத்துப்போகும் ஓர் அரசு மருத்துவரை இப்படிக் கட்டுரை எழுதச் சொல்வது நோயாளிக்கும் நல்லதில்லை, அறிவியலுக்கும் நல்லதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பீதியைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுத்து எழுதியவர்கள், கண்டித்து எழுதியவர்கள் எல்லோருமே அதற்கு ஒரு மேற்கோளைச் சேர்த்தார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மறுபக்கம் கட்டலின் கரிகோ என்ற உயிர்வேதியியலாளர். எம்.ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்காமல் 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். 2005-ல் ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து எழுதிய முக்கியக் கட்டுரையை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமானது அதுதான், 2023-ல் நோபல் வந்தது. பதவி இறக்கிய நேரத்தில் எண்களைப் பார்த்திருந்தால் அந்த முடிவு நியாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்படியென்றால் ஒருவருடைய பக்கத்தை எப்படிப் படிப்பது? மொத்த எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில், அதிகம் மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரைகளைத் திறந்து, அவை சொந்த ஆய்வா, ஏற்கெனவே வந்தவற்றைத் தொகுக்கும் ரிவ்யூவா, சிகிச்சை வழிகாட்டிக் குறிப்பா, நூறு பேர் எழுதியதா என்று பாருங்கள். அதில் அவர் பெயர் முதலிலோ கடைசியிலோ எத்தனை முறை வருகிறது? கட்டுரை ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா? அவருடைய முடிவை வேறு நாட்டில் வேறு குழு திரும்பச் செய்து உறுதிப்படுத்தியிருக்கிறதா, சிகிச்சை வழிமுறையில் ஏதாவது அதனால் மாறியிருக்கிறதா? கடைசிக் கேள்விதான் மருத்துவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, எந்த மென்பொருளும் எண்ணித் தராததும் அதுதான். துறை விட்டுத் துறை ஒப்பிடவே கூடாது: இதய மருத்துவத்தில் சாதாரணமான ஓர் எண், உடற்கூறியலில் அசாதாரணமாக இருக்கலாம். ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டரை (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண்ணை) வைத்துத் தனி ஆளை எடைபோடாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஏராளமான நிறுவனங்கள் கையெழுத்தும் போட்டன, தேர்வுக் குழுக்களின் பழக்கம்தான் மெதுவாக மாறுகிறது.

பெயர்க் குழப்பம் வேறு. தமிழ்ப் பெயரில் இனிஷியல் முன்னால் வரும், குடும்பப் பெயர் கிடையாது; ஆகவே ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள நான்கு டாக்டர்கள் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுவதும், ஒரே ஆள் மூன்றாகப் பிரிந்துவிடுவதும் தரவுத்தளங்களில் சகஜம். இதைச் சரிசெய்யத்தான் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக 2012-ல் ஆர்க்கிட் எண் வந்தது. இளம் ஆய்வாளராக இருந்தால் இன்றே ஒன்று எடுத்து வையுங்கள், இலவசம்தான். சுப்பாராவின் கட்டுரைகளைத் தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு: ஆங்கிலத்தில் சுப்பாராவ், சுப்பா ரோ, சுப்பா ராவ் என்று சேர்த்தும் பிரித்தும் பல எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது, எல்லப்பிரகட என்பது வீட்டுப்பெயர் என்பதால் அது ஓர் இனிஷியலாகச் சுருங்கிவிடுகிறது. எல்லா வடிவத்திலும் தேடிப் பாருங்கள். 1925 கட்டுரையை அந்த ஆய்விதழின் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.